வெட்டப்படாத கால்வாயின் ஸ்டேஷன் மாஸ்டர்

மகேசன் இலங்கை ரயில்வேயில் இருபத்திரண்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய பிழையால் எந்த வண்டியும் பிந்தியதில்லை. மற்றவர்களுடைய பிழையால் அநேகமாக எல்லா வண்டியும் பிந்தியது. அது வேறு விஷயம்.

எண்பத்துமூன்று ஜூலையில் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் பொறுப்பில் இருந்தார். ஊருக்குள் தமிழர் கடைகள் எரியத் தொடங்கிய மத்தியானம், அவரிடம் வேலை பார்த்த சிங்களப் போர்ட்டர் ஒருவர், சீமெந்து மூட்டை ஏற்றிய சரக்குப் பெட்டிக்குள் அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார். வண்டி முப்பத்தாறு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. மகேசன் இருட்டுக்குள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தின் பச்சை முட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பாடு யாராவது அதைப் பற்றிக் கேட்டால் அந்த முப்பத்தாறு நிமிடத்தைத்தான் சொல்வார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு அவர்களைக் கூப்பிட்டவர் மகேசனின் மனைவி அன்னபாக்கியத்தின் தம்பி குலசிங்கம். குலசிங்கம் நகரின் தெற்கே பாபகூராவில் வீடு வாங்கி, மோட்கேஜ் கட்டி, ஆறு வருடமாக இருந்தவர், எஞ்சினியர். அக்காவையும் அத்தானையும் மேற்கே ரானுயியில் ஒரு வாடகை வீட்டில் இருத்தினார். மகேசன் நியூசிலாந்து ரயில்வேக்கு மூன்று தடவை விண்ணப்பித்தார். மூன்று தடவையும் மிகவும் மரியாதையான கடிதம் வந்தது. உள்ளூர் அனுபவம் இல்லை என்று அதில் இருந்தது. உள்ளூரில் எடுத்தால்தானே உள்ளூர் அனுபவம் வரும் என்று அவர் பதில் எழுதினார். அதற்குக் கடிதம் வரவில்லை. ஹென்டர்சனில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில், வாளிக்குக் கைபிடி மாட்டுகிற வேலைக்குப் போனார். ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு வாளி. அன்னபாக்கியம் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை பார்த்தாள்.

பக்கத்து வளவில் வோல்டர் என்ற கிழவர் தனியாக இருந்தார். அறுபத்தெட்டு வயது. இங்கிலாந்தில் மட்பாண்டத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊரொன்றில் கால்வாய்ப் படகுக்குள்ளேயே பிறந்தவர். அவருடைய தகப்பனும் பாட்டனும் குதிரை இழுக்கிற படகில் களிமண்ணைக் கொண்டுபோய்க் கோப்பை தட்டுகளோடு திரும்பினவர்கள். ரயில் வந்து அந்தத் தொழில் செத்துப்போனது. வோல்டர் ஐம்பத்தெட்டில் ஓக்லாந்துக்கு வந்து, வாவு ஓடைக்கரைச் செங்கல் சூளையொன்றில் சூளைக்காரராக இருந்தார். சூளையும் மூடப்பட்டது. அதன்பிறகு பின்வளவில் ஒரு படகு கட்டத் தொடங்கினார். ஒன்பது வருடம் கட்டினார்.

நாற்பது அடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம், இரும்பு உடல், தட்டையான அடி. ஆங்கிலேயர்கள் அதை நேரோபோட் என்கிறார்கள். கால்வாய்க்கென்றே செய்கிற படகு. ஓக்லாந்தில் கால்வாய் ஒன்றுகூட இல்லை. இதை மகேசன் ஒருநாள் வேலிக்கு மேலால் சுட்டிக்காட்டினார்.

"இருந்திருக்கவேண்டும்," என்றார் வோல்டர். "வாவு ஓடையின் தலைமாட்டிலிருந்து அந்தப் பக்கக் கடல் இரண்டு மைல்கூட இல்லை. வெட்டப்போகிறோம் என்று போன நூற்றாண்டிலேயே நிலம் ஒதுக்கினார்கள். கால்வாய் வீதி என்று ஒரு வீதிக்குப் பெயரும் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு ரயில் போட்டுவிட்டார்கள்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவர் மகேசனைப் பார்த்த பார்வை, ஏதோ தண்டவாளத்தை மகேசனே தோளில் சுமந்து வந்ததுபோல இருந்தது.

எண்பத்தாறு ஜனவரியில் படகு முடிந்தது. ஹென்டர்சன் ஓடையில் இறக்கி, துறைமுகத்தின் ஓரமாகச் சுற்றி, வாவு ஓடையில் ஏறி, அதன் தலைமாட்டில் தான் வேலை செய்த சூளைத் துறையில் கட்டுவது வோல்டரின் திட்டம். இரண்டாவது ஆள் வேண்டும். அவருடைய மகன் கிறைஸ்ட்சேர்ச்சில் இருந்தான்; அவனுக்கு முதுகு சரியில்லையாம். ஆகவே வோல்டர் மகேசனிடம் வந்தார்.

"உனக்கு நேர அட்டவணை தெரியும்," என்றார். "ஓடைக்குள் கடல் ஏறி இறங்கும். பெருக்குக்குப் போனால் தண்ணீர். வற்றுக்குப் போனால் சேறு. நேரம்தான் முழு வேலையும்."

இரண்டு வருடமாக மகேசனிடம் யாரும் நேரத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. வாளித் தொழிற்சாலையில் அதற்குச் சங்கு ஊதும். அவர் உடனே சம்மதித்துவிட்டு வீட்டுக்குள் போய் மனைவியிடம் சொன்னார்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமே?" என்று கேட்டாள் அன்னபாக்கியம்.

"இல்லை."

"அந்தாளுக்கு?"

"கேக்கேல்லை."

"அப்ப நானும் வாறன். நீங்கள் ரெண்டு பேரும் தாண்டு போனால் ஆர் வந்து சொல்லுறது?"

அந்த வெள்ளிக்கிழமை பாரந்தூக்கி லொறி வந்தது. படகை வெளியே எடுக்க மகேசன் வீட்டு வேலியையும் கழற்றவேண்டியிருந்தது. தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. படகு வீட்டுக் கூரைக்கு மேலால் போனபோது யாரோ கை தட்டினார்கள். வோல்டர் அதற்குத் தொப்பியைத் தொட்டார்.

சனிக்கிழமை காலை. முதல் நாள் வோல்டர் ஒரு அட்டையில் 'பெருக்கு 10.00' என்று எழுதிக் கொடுத்திருந்தார். பெருக்கு அட்டவணைப் புத்தகத்தில் நேரமெல்லாம் சாதாரண நேரத்தில் அச்சிட்டிருப்பார்கள், அங்கே கோடையான ஜனவரியில் மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளியிருப்பதால் ஒரு மணியைக் கூட்டவேண்டும் என்பது மகேசனுக்குத் தெரியும். நூலகத்தில் போய் அதைப் படித்து வைத்திருந்தார். கூட்டினார். பதினொன்று. அதைவைத்துப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்து, எட்டு மணிக்குப் புறப்பாடு என்று முடிவு செய்தார். குலசிங்கம் பதினொன்றரைக்கு வான் வண்டியோடு நியூ லின்னில் சூளைத் துறைப் பக்கம் வந்து நிற்கவேண்டும் என்றும் டெலிபோனில் சொல்லிவைத்தார்.

எட்டு மணிக்கு ஹென்டர்சன் ஓடையில் படகு மிதந்துகொண்டிருந்தது. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் உயரமாகவே மிதந்தது. நல்ல சகுனம் என்றாள் அன்னபாக்கியம். அவள் சேலைக்கு மேல் கார்டிகன், கார்டிகனுக்கு மேல் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டிருந்தாள். சனிக்கிழமை மரக்கறி என்றபடியால் இடியப்பமும் கிழங்குப் பிரட்டலும் கட்டி எடுத்திருந்தாள். வோல்டருக்கென்று தனியாக முட்டை சாண்ட்விச்.

படகு மனிதன் சுறுசுறுப்பாக நடக்கிற வேகத்தில் போனது. இரு கரையிலும் ஆப்பிள் தோட்டங்களும் முந்திரிகைக் கொடித் தோட்டங்களும் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒரு மாடு தண்ணீருக்குள் நின்று அவர்களைப் பார்த்தது. படகு அதைக் கடந்துபோக அதிக நேரம் எடுத்ததால் மாடு அலுத்துப்போய்த் திரும்பிக்கொண்டது.

சுக்கான் தடியை முதலில் மகேசனிடம்தான் கொடுத்தார் வோல்டர். தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். மகேசனுக்கு அது விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. அவர் வாழ்க்கையில் ஓடுகிற எதையும் திருப்பியவரில்லை. ரயிலுக்குத் திருப்பம் தண்டவாளத்தில் இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் இரண்டு தடவை கண்டல் மரங்களுக்குள் புகுந்து வந்தார்கள்.

"இஞ்சை தாங்கோ," என்று அன்னபாக்கியம் தடியை வாங்கினாள். படகு நேராகப் போனது.

"உங்களுக்கு முன்பே பழக்கமா?" என்று கேட்டார் வோல்டர்.

"கிச்சன்ல சாப்பாட்டுத் தள்ளுவண்டி தள்ளுறனான்," என்றாள் அவள். மகேசன் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கமுதல் அவளே தொடர்ந்தாள். "அதிலை ஒரு சில்லு கோணல். இதுமாதிரித்தான் போகும்."

ஓடை முடிந்து துறைமுக நீரில் இறங்கியதும் காற்று பிடித்தது. பெரிய அலை என்று சொல்ல முடியாது. சாதாரணப் படகுக்கு அது அலையே இல்லை. ஆனால் இந்தப் படகு அலையில்லாத தண்ணீருக்கென்று செய்யப்பட்டது. முன்பக்கம் குனிந்து குனிந்து தண்ணீரை அள்ளியது. மகேசன் கிழங்குப் பிரட்டல் சட்டியை வெறுமையாக்கி, அதாவது பிரட்டலை இடியப்பத்தின் மேல் கொட்டிவிட்டு, சட்டியால் தண்ணீரை இறைத்தார். இந்த நேரம் என்ஜினும் நின்றது. குளிரூட்டும் குழாயில் சேறு அடைத்துவிட்டது. வோல்டர் நங்கூரத்தைப் போட்டுவிட்டு உள்ளே குனிந்து குழாயைக் கழற்றினார். ஐம்பது நிமிடம் எடுத்தது. அந்த ஐம்பது நிமிடமும் மகேசன் இறைத்தார். அன்னபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னாள். ஒரு கை சுக்கான் தடியில்தான் இருந்தது.

வாவு ஓடையின் வாய்க்குள், மோட்டர்வே பாலத்துக்குக் கீழால் நுழைந்தபோது பன்னிரண்டு மணி. பெருக்கு முடிந்து ஒரு மணித்தியாலம்தான், இன்னும் வேண்டியளவு தண்ணீர் இருக்கும் என்று மகேசன் கணக்குப் பார்த்துச் சொன்னார். வோல்டர் காதில் வாங்காமலே தலையாட்டினார். அவர் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துருப்பிடித்த தகரக் கொட்டகைகள் வந்தன. உடைந்த மண் குழாய்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. உள்ளே ஒரு மரம் முளைத்து வெளியே எட்டிப் பார்க்கிற சூளைப் புகைபோக்கி ஒன்று வந்தது. அலைவாய்ப்பட்ட செங்கல் துண்டுகளால் கரையே சிவப்பாக இருந்தது.

"இந்தக் கொட்டகையில் மூன்று வருடம்," என்று வோல்டர் கையைக் காட்டினார். "அதில் எட்டு வருடம். அந்தச் சுவரில் என்னுடைய செங்கல் இருக்கிறது." எல்லாச் சுவரும் ஒரே மாதிரித்தான் இருந்தது. ஓம், ஓம் என்று மகேசன் பார்த்தார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் படகு மெல்ல ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, கரைதான் ஓடவில்லை.

"நீ சொன்ன கணக்குக்கு இவ்வளவு வற்றியிருக்காது," என்றார் வோல்டர். "புரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது." மகேசன் தடுக்கமுதல் பின்பக்கத்தால் இறங்கினார். முழங்கால் வரை போனார். ஒரு அடி எடுத்து வைத்தார். தொடை வரை போனார். பிறகு ஒன்றும் செய்யவில்லை, நின்றபடியே இடுப்பு வரை போனார்.

"மிஸ்டர் வோல்டர், அசையவேண்டாம்," என்றார் மகேசன்.

"நான் அசையவில்லை," என்றார் வோல்டர்.

 ஸ்டேஷனில் ஆபத்து வந்தால் எதை முதல் செய்வது, எதை இரண்டாவது செய்வது என்று மகேசனுக்கு எப்போதும் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் என்ஜினை நிறுத்தினார். இரண்டாவது, கரையில் இறங்க வைத்திருந்த பலகையைச் சேற்றின் மேல் போட்டார். மூன்றாவது, தானே அதில் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய் வோல்டரின் அக்குளுக்குக் கீழால் கயிற்றைக் கட்டினார். மற்ற நுனியை அன்னபாக்கியம் படகின் இரும்பு முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை உதைத்து இழுத்தாள். முதியோர் இல்லத்தில் எத்தனையோ கிழவர்களைக் கதிரையிலிருந்து தூக்கி நிமிர்த்தியவள். கால் மணித்தியாலம் இழுத்த பிறகு வோல்டர் வந்தார். இரண்டு சப்பாத்தும் வரவில்லை.

அவரைக் கழுவித் துடைத்து, மகேசன் மாற்றுக்குக் கொண்டுவந்திருந்த சாரத்தை உடுக்கக் கொடுத்து, தேத்தண்ணி கொடுத்து உட்கார்த்தினார்கள். கிழவருக்குப் பல் கிட்டியது. சுற்றிவரத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பெரிய மீன்கொத்தி சேற்றில் வந்திருந்து நண்டு பொறுக்கியது.

மகேசன் ஈர அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"மிஸ்டர் வோல்டர், இந்தப் பத்து மணி, புத்தகத்து நேரமா?"

"இல்லை. புத்தகத்தில் ஒன்பது. கோடை நேரத்துக்கு ஒரு மணி கூட்டித்தான் எழுதினேன்."

மகேசன் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். காற்றின் மேல் பழி போடலாம். ஐம்பது நிமிடம் நின்ற என்ஜினின் மேலும் போடலாம். கிழவர் நம்புவார். மகேசன் படகின் முன்பக்கத்துக்குப் போனார். சூளைச் சுவரைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"நானும் ஒரு மணி கூட்டினேன்," என்றார். "பிழை என்னுடையது. நீங்கள் இன்றைக்குச் செத்திருந்தால் அதுவும் என்னுடையது."

வோல்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பிழை?"

"இதுதான்."

வோல்டர் சாரத்தோடு எழுந்து கையை நீட்டினார். "என் தகப்பன் சாகும்வரைக்கும் காத்திருந்தார், ஒரு ரயில்காரனாவது பிழை தன்னுடையதென்று சொல்லுவானா என்று," என்றார். "ஒருத்தனும் சொல்லவில்லை." அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை மகேசன் அதற்குமுன் கண்டதில்லை. சப்பாத்துப் போனதையே மறந்துவிட்டார்.

"என்னவாம்?" என்று கேட்டாள் அன்னபாக்கியம்.

"மன்னிச்சிட்டாராம்."

"உங்களையோ?"

"ரயில்வேயை."

மூன்று மணிக்குக் குலசிங்கம் வந்தார். துறையில் காத்திருந்து அலுத்து, கரையோரமாக நடந்து தேடி வந்திருக்கிறார். கரைக்கும் படகுக்கும் இடையில் அறுபது யார் சேறு.

"அத்தான்!" என்று கத்தினார். "பதினொண்டரை எண்டியள்!"

"பிந்திப்போச்சு!" என்று கத்தினார் மகேசன்.

"எவ்வளவு பிந்தும்?"

மகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த முறை எதையும் கூட்டவில்லை. "ஏழே முக்கால்!"

"விசரே உங்களுக்கு? நான் பொலிசைக் கூப்பிடட்டே?"

"வேண்டாம்! சாப்பாடு இருக்கு!"

 இதை யாழ்ப்பாணத்து ஆக்கள் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று அக்கா கத்தினாள். குலசிங்கம் சரியென்று தலையாட்டிவிட்டு, டெலிபோன் பெட்டி தேடிப் போனார்.

மூவரும் இடியப்பம் சாப்பிட்டார்கள். வோல்டரும் சாண்ட்விச்சை விட்டுவிட்டு இடியப்பமே சாப்பிட்டார்; நூலைச் சாப்பிடுவதுபோல இருக்கிறதென்றும் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றும் சொன்னார். பிறகு அவர் தூங்கினார். அன்னபாக்கியம் கால் நீட்டி உட்கார்ந்து, நியூசிலாந்துக்கு வந்து முதல்முறையாக ஆறு மணித்தியாலம் சும்மா இருந்தாள். இதைப் பிற்பாடு அவள் பல பேருக்குச் சொன்னாள்.

ஏழு முப்பத்தெட்டுக்குப் படகு அசைந்தது. ஏழு நாற்பத்தாறுக்கு மிதந்தது. மகேசன் யாரிடமும் சொல்லாமல் ஒரு நிமிட வித்தியாசத்தை மனதுக்குள் குறித்துக்கொண்டார். அந்தி வெளிச்சத்தில் ஓடை ஒடுங்கி ஒடுங்கிப் போனது. ரயில் பாலத்துக்குக் கீழால் போகும்போது மேலே ஒரு சரக்கு வண்டி தடதடத்துக்கொண்டு போனது. வோல்டர் வழக்கமாக அதற்கு ஏதாவது சொல்லுவார், இன்றைக்குப் பேசாமலிருந்தார். மரியாதைக்காக என்று மகேசன் எடுத்துக்கொண்டார்.

துறையில் கட்டினார்கள். அப்போதுதான் வோல்டர் ஓடையின் அகலத்தைக் கண்ணால் அளந்து பார்த்து, படகின் நீளம் நாற்பது, ஓடையின் அகலம் முப்பது, ஆகவே இங்கே திருப்ப முடியாது என்று அறிவித்தார். ஒன்பது வருடத்தில் அதை அவர் யோசிக்கவில்லை. போவதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்.

படகு அங்கேயே நின்றது. வோல்டர் கிழமையில் பாதி நாள் அதில் தங்கினார். மகேசன் அடுத்த சனிக்கிழமை பார்க்கப் போனார். அதற்கடுத்ததும் போனார். மார்ச்சில் சனத்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது, தொழில் என்ற இடத்தில் வாளித் தொழிற்சாலையை எழுதிவிட்டு, மிஞ்சிய இடத்தில் சின்ன எழுத்தில் 'ஸ்டேஷன் மாஸ்டர், நீர்' என்றும் எழுதினார். அதைப் பற்றிக் கேட்டு அரசாங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

ஏப்ரலில் ஒரு பலகையில் நேர அட்டவணை எழுதித் துறையில் தொங்கவிட்டார். காலைப் பெருக்கு உள்ள சனிக்கிழமைகளில் மட்டும், துறையிலிருந்து மோட்டர்வே பாலம் வரை போய்வருதல். அகலமான இடம் வரும்வரை படகு பின்பக்கமாகவே போகும். அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். குலசிங்கம் சொல்லாமல் விட்ட ஆள் ஓக்லாந்தில் இல்லாதபடியால் தமிழ்ச் சனம் வந்தது. நகரின் மறுகோடிப் பக்குரங்காவிலிருந்துகூடக் குடும்பங்கள் வந்தன. அன்னபாக்கியம் சுக்கான் பிடித்தாள், வோல்டர் கொட்டகைகளைக் காட்டி அதில் எட்டு வருடம் என்றார், மகேசன் பச்சைக் கொடி காட்டினார். கொடிக்குத் தேவையே இல்லை. ஒரு நிமிடம் பிந்தி வந்த இராசநாயகம் என்ற பல் வைத்தியரைத் துறையிலேயே விட்டுவிட்டுப் போனது மட்டும் பெரிய பேச்சானது. அட்டவணையில் எழுதியிருக்கிறது என்றார் மகேசன்.

எண்பத்தெட்டு மாரியில் துறை ஒரு செவ்வாய்க்கிழமை தானாகவே இடிந்து விழுந்தது. யாரும் அதில் நிற்கவில்லை. வோல்டருக்கு நெஞ்சுச் சளி பிடித்து, மகன் வந்து அவரைக் கிறைஸ்ட்சேர்ச்சுக்குக் கூட்டிப்போனான். முதுகு சரியில்லாத மகன்தான் தகப்பனின் பெட்டிகளையெல்லாம் தூக்கினான். விமான நிலையத்தில் வோல்டர் மகேசனின் கையைப் பிடித்துக்கொண்டு, விமானம் நேரத்துக்குப் புறப்படுமா என்று கேட்டார். பன்னிரண்டு நிமிடம் பிந்தும் என்றார் மகேசன். அப்படியே பிந்தியது.

படகைப் பாரந்தூக்கி லொறி குமேயுவுக்குக் கொண்டுபோனது. அங்கே ஓர் ஆப்பிள் தோட்டக்காரர் அதைப் பழம் பறிக்கிறவர்கள் தேத்தண்ணி குடிக்கிற அறையாக வைத்துக்கொண்டார். எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகேசனும் அன்னபாக்கியமும் போய்ப் பார்த்தார்கள். படகு மரங்களுக்கு நடுவில், புல்லில், கட்டைகளின் மேல் நேராக நின்றது. தோட்டக்காரர் உள்ளே போய் இருக்கச் சொன்னார். இருந்தார்கள். கொண்டுபோன சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். யன்னல் சீலைகளை ஒருவரும் தோய்க்கவில்லை என்றாள் அன்னபாக்கியம். ஓம் என்றார் மகேசன். கை கழுவிக்கொண்டு வந்து, அவள் சீலைகள் எல்லாவற்றையும் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். வீட்டில் தோய்த்துத் தோட்டக்காரருக்குத் தபாலில் அனுப்பினாள்.